மேலே ஆறிய புண்

பூனை தன் சாவை வீட்டாருக்குக் காட்டாது என்று மன்னார்குடிப் பக்கம் சொல்வார்கள். கிழட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, நேற்றுவரை பத்தாயத்தின் மேல் தாவித் திரிந்த கடுவனுக்கும் இதே பேச்சுதான். ராத்திரி எங்கேயோ சண்டை போட்டுவிட்டு வரும். ஒன்றிரண்டு நாள் பழையபடி நடமாடும். பிறகு சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும், வைக்கோல்போருக்குப் பின்னால் போய்ப் படுக்கும், ஒருநாள் அங்கேயும் இருக்காது. "மானமுள்ள சீவன், யாரு கண்ணுலயும் படாமப் போயிடுச்சு" என்பார்கள். அந்தப் பேச்சில் பூனைமேல் நிஜமான மரியாதை இருந்தது. ஆனால் அப்படிப் போன கடுவன்களில் பல, தோலுக்கடியில் சீழ் கட்டி, காய்ச்சலில் துவண்டு, மறைவில் கிடந்து செத்தவை என்று இன்றைக்கு உறுதியாக நம்புகிறேன். சீழை வடித்து மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவை.

சென்னையில் இப்போது எங்களோடு இருப்பவன் பெயர் கடுகு. மழைநாளில் ஒரு ஸ்கூட்டரின் அடியில் நனைந்து கிடந்த குட்டியைத் தூக்கிவந்து மகள் வைத்த பெயர். கருத்தடை முடிந்தவன், தடுப்பூசிகள் போட்டவன். நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி, பால்கனிக்கு வலை உண்டு. அப்படியும் ஒரு சாயங்காலம், தண்ணீர் கேன் கொண்டுவந்தவருக்குக் கதவைத் திறந்த நேரத்தில் படியிறங்கிப் போய்விட்டான். கீழே கார் நிறுத்துமிடம், வெகுநாளாக ஒரு செவலைக் கடுவனின் எல்லை. சத்தம் கேட்டு நாங்கள் ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேலே தூக்கிவந்து மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கட்டிலுக்கடியில் கொஞ்ச நேரம் இருந்தான், பிறகு வந்து சாப்பிட்டான். மனைவிக்கு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை, ஏனென்றால் வரியனை எனக்குத் தெரியும்.

நாய் கடித்தால் தோல் கிழியும், ரத்தம் வரும், யார் கண்ணுக்கும் தெரியும். பூனையின் கோரைப்பல் மெல்லியது, கூரானது. அது கடித்த இடத்தில் இரண்டு சிறிய துளைகள்தான் விழும், அதுவும் மயிருக்குள்ளே. அந்தத் துளைகள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். கடித்த பூனையின் வாயில் சாதாரணமாகவே குடியிருக்கும் பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகள் பல்லோடு தசைக்குள் போய், மேலே வழி அடைபட்டதும் உள்ளே பெருகும். இரண்டு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் சீழ்க்கட்டி. வெளியே ஆறிவிட்டது என்று நாம் நினைக்கிற அதே நாட்களில்தான் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும்.

கடுகுக்கு அப்படியேதான் நடந்தது. இரண்டு நாள் கழித்து வாலைத் தூக்காமல் நடந்தான். காது சுட்டது. வாலடியில் கையை வைத்ததும் சீறினான். வீட்டில் யாரையும் பார்த்து அதுவரை சீறியதில்லை. பூனைக்கு இயல்பான சூடு நூறரையிலிருந்து நூற்றிரண்டரை டிகிரி பாரன்ஹீட். டாக்டர் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது நூற்று நாலைத் தொட்டிருந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மயிர் மழிக்கும் கருவியால் வாலடியைச் சுத்தமாக்கினார். நாங்கள் அவ்வளவு தேடியும் அகப்படாத அந்த இரண்டு புள்ளிகள் வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரிந்தன. இரண்டுக்கும் மேலே பொருக்குத் தட்டியிருந்தது. சுற்றிலும் தோல் ஊதாநிறத்தில் மினுங்கியது. "பின்பக்கம் கடி சார். திரும்பி ஓடும்போது வாங்கியிருக்கான். எதிர்த்து நிக்கிற பூனைக்கு முகத்துலயும் முன்னங்காலுலயும்தான் இருக்கும்" என்றார்.

வரியனுக்கு எப்போதும் முகத்தில்தான் இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் அப்பாயி வீட்டில் இருந்த கடுவன் அவன். சாம்பல் உடம்பில் கறுப்பு வரி. ஓட்டு வீடு, கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் மரப் பத்தாயம். குறுவையும் தாளடியும் அறுத்து உள்ளே போட்டால் எலிக்குக் கொண்டாட்டம். அதனால் பூனை இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அதற்குச் சம்பளம் கொஞ்சம் மோர்ச்சோறு, மீன் வாங்கிய நாளில் தலையும் குடலும். செல்லம் கொடுப்பது, மடியில் வைத்துக்கொள்வது எல்லாம் கிடையாது. ஆனால் சண்டைக்காரக் கடுவனுக்குத் தெருவே பெருமைப்படும். வரியனின் வலது காது இரண்டாகப் பிளந்திருந்தது. பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் காதைக் காட்டுவார்.

பூனைக்கு வைத்தியம் பார்ப்பது என்ற எண்ணமே ஊரில் இல்லை. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே வந்துவிட்டது. எங்களுக்கோ அது மாட்டு ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்பு. டாக்டர் மோட்டார் சைக்கிளில் வருவார், பசுவுக்குச் சினையூசி போடுவார், கோமாரிக் காலத்தில் மருந்து எழுதித் தருவார், போவார். வரியன் திண்ணையில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருப்பான். அவனை அவரிடம் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

அப்பாயி மட்டும் வேறு மாதிரி. ஒரு முறை வரியனின் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. அடுக்களைப் பரணில் ஏறிப் படுத்துவிட்டான். கூப்பிட்டால் உறுமல்தான். அப்பாயி கொல்லையில் போய் ஒரு குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கிவந்தாள். அந்த வேரில் பூனைக்கு அப்படியொரு மயக்கம். பூனைவணங்கி என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. வேரைக் கழுவாமல், மண் ஒட்டியபடியே தரையில் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்து வரியன் இறங்கினான். முகர்ந்தான், வாயைப் பிளந்துகொண்டு நின்றான், வீங்காத கன்னத்தை வேரில் தேய்த்தான், பிறகு மல்லாந்து புரண்டான். அந்த நேரத்தில் அப்பாயி நெல் சாக்கை மேலே போட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி சுருட்டி மடியில் இடுக்கிக்கொண்டாள்.

"தம்பி, பின்னங்கால சாக்கோட சேத்துப் புடி. அழுத்தாத. அவன் துள்ளுனா வுட்டுடு, அப்பறம் புடிச்சுக்கலாம்."

உப்புப் போட்ட வெந்நீர். பழைய வேட்டித் துணியை அதில் நனைத்து, முதலில் தன் முன்கையில் வைத்துச் சூடு பார்ப்பாள். பிறகு கன்னத்தில் வைத்து, ஆறும்வரை கையெடுக்காமல் இருப்பாள். மறுபடி நனைப்பாள். மறுநாளும் அதேதான். அதற்கும் மறுநாள் ஒத்தடத்தின் நடுவிலேயே கட்டி உடைந்தது. பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டியான சீழ், பின்னால் ரத்தநீர். அந்த நாற்றம் கூடத்தைத் தாண்டித் திண்ணைவரை போனது. அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். அப்பாயி நகரவில்லை. நல்ல ரத்தம் வரும்வரை துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். எனக்கு இன்றுவரை மறக்காதது அதற்கடுத்த நாட்கள். தினமும் காலையில் வெந்நீர்த் துணியைப் புண்ணின்மேல் வைத்துப் பொருக்கை ஊறவைத்து எடுத்துவிடுவாள். ஆறுகிற புண்ணை ஏன் அப்பாயி கிளறுகிறாய் என்று கேட்டேன்.

"மேல மூடவுடப்படாதுடா. அடியிலேர்ந்து ஆறி வரணும்."

வரியன் பிழைத்தான். அடுத்த வருஷம் முன்னங்காலில் கடிபட்டு வந்தான். அப்போது அப்பாயி இல்லை. அத்தையின் பிரசவத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தாள். காலில் இருந்த கடிவாய் சீக்கிரமே காய்ந்துவிட்டது. ஆறிப்போச்சு என்றார்கள். பிறகு நொண்டினான், பிறகு மோர்ச்சோறு அப்படியே இருந்தது, பிறகு அவனைக் காணவில்லை. மானமுள்ள சீவன் என்றார் பெரியப்பா, உண்மையான துக்கத்தோடு. அப்பாயி திரும்பி வந்ததும் குழந்தையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கேட்டது, புண் மேலே மூடிக்கொண்டதா என்றுதான். ஆமாம் என்றதும் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு பழைய மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். தொட்டிக்குப் பின்னால் கிடந்தான். கால் தோள்பட்டைவரை வீங்கியிருந்தது. கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் குழி தோண்டச் சொன்னாள். பெரியப்பா மறுபடியும் மானத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். "மானமுமில்ல ஒண்ணுமில்ல. வலி தாங்காமக் கெடந்திருக்கு" என்றாள்.

வலியைப் பூனை மறைக்கும் என்பது மெய். இரையாகவும் வேட்டையாடியாகவும் வாழ்ந்த சிறு விலங்கு அது, பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து. ஆனால் மறைப்பது முழுதாக மறைந்துவிடுவதில்லை. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2019-ல் பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். காது எவ்வளவு விலகித் திரும்பியிருக்கிறது, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியிருக்கிறதா, மீசை முன்னுக்கு விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறதா என்று ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். டாக்டர் அந்தப் படங்களை என் மகளின் கைபேசிக்கு அனுப்பினார். படத்தில் இருந்த இடுங்கிய கண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பரண்தான் கண்முன் வந்தது. அப்பாயிக்கு இந்த ஐந்தும் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தாள், மற்றவர்கள் பார்க்கவில்லை.

கடுகுக்கு மயக்க மருந்து கொடுத்து, பொருக்குகளை எடுத்து, கீழ்ப்பக்கமாக ஒரு சிறு கீறல் போட்டார் டாக்டர். அதே நாற்றம். சலைன் நீரை ஊசிக்குழலில் ஏற்றி உள்ளே பீய்ச்சி, வருகிற நீர் தெளியும்வரை கழுவினார். பிறகு மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை ஒரு துளை வழியாக நுழைத்து மறு துளை வழியாக எடுத்து, இரண்டு தையல் போட்டு நிறுத்தினார். புண் மேலே மூடாமல் இருப்பதற்கும் உள்ளே ஊறுவது வடிவதற்கும்தான் அந்தக் குழாய். நான் அப்பாயியின் வெந்நீர்த் துணியைப் பற்றிச் சொன்னேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே கவனமாகக் கேட்டார். "ஒத்தடமும் சரி, திறந்து வச்சதும் சரி சார். அன்னிக்கு அதுக்கு மேல செய்ய முடியாது. கிருமி ரத்தத்துல கலந்துட்டா மட்டும் அது போதாது" என்றார். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்தும், எடை பார்த்து அளந்த வலி மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடுகுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், பூனை வளர்த்த அனுபவமில்லாத ஓர் உறவினர், பாசத்தோடுதான், பாராசிட்டமாலில் அரை மாத்திரை பொடித்துப் பாலில் கொடுக்கச் சொன்னார். அது பூனைக்கு நஞ்சு. நம் ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் அநேகமாக இல்லை. முறியாமல் நிற்பது ரத்தத்தைத் தாக்கும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாம் காயத்துக்குத் தடவுகிற டெட்டாலும் அப்படித்தான், நக்கினால் வாயும் வயிறும் வெந்துபோகும். ரசத்துக்குப் போடுகிற பூண்டும் சாம்பார் வெங்காயமும்கூட அதன் ரத்த அணுக்களை உடைக்கும். இன்றைக்கு எந்த வீட்டு அலமாரியிலும் மாத்திரை இல்லாமல் இல்லை. அப்பாயி வீட்டில் இருந்ததெல்லாம் உப்பும் வெந்நீரும் பழந்துணியும். மருந்து இல்லாத வீட்டில்தான் வரியன் காயத்தோடு வந்தபோதெல்லாம் மருந்தால் சாகாமல் தப்பித்தான். எங்கள் கடுகைச் சுற்றி, காப்பாற்றக்கூடியதும் கொல்லக்கூடியதும் ஒரே தட்டில் இருக்கின்றன. பூனை வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் இதை நான் வலியச் சொல்கிறேன்.

கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கதவு நிலையில் இடித்துக்கொண்டான், தண்ணீர்க் கிண்ணம் எட்டவில்லை. மகள் அகலமான தட்டு ஒன்றைத் தேடி எடுத்து, அதை ஒரு தடித்த புத்தகத்தின்மேல் வைத்தாள். அதற்குப் பிறகு குடித்தான். சாப்பாடுதான் கவலையாக இருந்தது. பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும். காய்ச்சலில் மோப்பம் மங்கியிருக்கும், மணம் ஏறாத உணவைப் பூனை தொடாது. மனைவி சைவம். மத்தி வாங்கிவரச் சொல்லி, உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, இளஞ்சூட்டில் விரல்நுனியில் வைத்து நீட்டியவள் அவள்தான். முதல் விரலை நக்கினான். இரண்டாவதில் கொஞ்சம் தின்றான். அவள் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மருந்து கொடுப்பது இரண்டு பேர் வேலை. துண்டால் சுற்றி, முன்னங்கால்களை உள்ளே அடக்கி, கன்ன எலும்பைப் பிடித்துத் தலையைச் சற்றே நிமிர்த்தி, வாயின் ஓரத்தில் ஊசிக்குழலை வைத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். நாக்கின் நடுவில் பீய்ச்சினால் புரையேறும். நான் துண்டைச் சுற்றிப் பிடிப்பேன். சாக்கைப் பிடித்த பழக்கம் கையில் இருந்தது. துள்ளினால் விட்டுவிடு என்றதும் நினைவிருந்தது.

பிடிக்கும்போது கடி படாமல் இருப்பது முக்கியம். பூனைக்கடி மனிதக் கையிலும் இதே மாதிரி உள்ளே சீழ் பிடிக்கும், வெறிநோய் பயம் வேறு. அந்தக் காலத்தில் அண்ணனை ஒரு தெருப் பூனை கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. டேவிட் செம்பிள் 1911-ல் கசௌலியில் கண்டுபிடித்த முறை. நம் பக்கத்துக்குக் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலிருந்து வரும். தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி என்பார்கள். அதற்குப் பயந்தே பூனைப்பக்கம் போகாத பிள்ளைகள் தெருவில் பலர். இந்தியாவில் 2004-ல் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் போடுகிற நாலு தவணை ஊசி, அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது மட்டும் இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

குழாய் எடுத்தாயிற்று, மயிர் முளைக்கத் தொடங்கிற்று. இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருந்தது. சண்டைக்கடி வழியாகப் பரவும், பூனையின் நோயெதிர்ப்பைச் சிறுகச் சிறுக அழிக்கிற ஒரு வைரஸ் உண்டு. அதை 1986-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றாது. கடிபட்ட உடனே பார்த்தால் தெரியாமல் போகலாம், இரண்டு மாதம் கழித்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பார்த்தோம், இல்லை.

ஆனால் செவலை அப்படியே கீழே இருந்தான். வலையும் பூட்டும் கடுகைக் காக்கும், செவலையை யார் காப்பது? அவன் முகத்தில் ஒரு பக்கம் வீங்கியிருப்பதைக் காவலாளி அண்ணன் காட்டினார். நின்று சண்டை போடுகிறவன், அதனால் முகத்தில். சிலர் அவனைப் பிடித்து எங்காவது தூரத்தில் விட்டுவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. விட்ட இடத்தில் இன்னொரு கடுவனின் எல்லை இருக்கும், காலியான இடத்துக்கு வேறொரு கடுவன் வரும், இரண்டு இடத்திலும் கடிதான். எங்கள் ஊரில் காளைக்கன்றுக்குக் காயடிப்பது சாதாரணம், கடுவனுக்கு அதை யாரும் நினைத்ததில்லை. கருத்தடை செய்த கடுவன் அலைவதும் சண்டை போடுவதும் பெரும்பாலும் குறைந்துவிடும். அதுதான் வழி என்று குடியிருப்புக் கூட்டத்தில் பேசினேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்றாம் மாடிக்காரர் ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கலாமே என்றார்.

பிடிகூண்டு ஒன்றை இரவல் வாங்கினோம். உள்ளே சூடான மத்தி. கொஞ்ச நாள் ஏமாற்றினான், ஒரு விடியற்காலையில் அகப்பட்டான். கூண்டின்மேல் போர்வையைப் போட்டதும் அடங்கிவிட்டான். அதே டாக்டர் முதலில் கன்னத்துக் கட்டியைத் திறந்து கழுவி, குணமானதும் கருத்தடை செய்தார். கருத்தடை ஆனதற்கு அடையாளமாக மயக்கத்திலேயே இடது காதின் நுனியையும் நறுக்கிவிட்டார். வரியனின் பிளந்த காது சண்டைக்கு அடையாளம், இவனுக்கு இது சண்டை ஓய்ந்ததற்கு. இப்போது ராத்திரியில் கீழே சத்தம் இல்லை. காவலாளி அண்ணனின் நாற்காலிக்கடியில் படுத்திருக்கிறான், அவர் வைக்கிற சோற்றைத் தின்கிறான், உடம்பு போட்டிருக்கிறது. பிடிகூண்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்பக்கச் சந்தில் ஒரு கறுப்புக் கடுவன் நொண்டுகிறான் என்று மூன்றாம் மாடிக்காரர் நேற்று வந்து எடுத்துப்போனார், மத்தியை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டு.